பட்டியலில் மிஞ்சியவள்

தாம்பரத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் நேரத்தில் ஒருநாள் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் லெட்டர்பேடோடு வந்தார். "அக்கா, நம்ம வார்டுல வந்து குந்திகினு கீற வெளியாளுங்க லிஸ்ட் அடிக்கணும். ஞாயித்துக்கெழம மேடையில தலைவர் படிப்பாரு. நம்ம பொழப்பையே புடுங்கிட்டானுங்க!"

எனக்கு உடனே மாடி ஞாபகம்தான் வந்தது. கடை மாடியில் குடியிருப்பவர் ஒடிசாக்காரர், டைல்ஸ் ஒட்டுபவர். மகள் இங்கே அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மேடையில் தன் பெயர் வந்தால் மறுநாளே குடும்பத்தோடு ரயிலேறிவிடுவதாகக் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"சொல்லுங்க, முதல்ல யாரு? என்ன தப்பு பண்ணாங்கன்னும் பக்கத்துலயே அடிச்சுடலாம்" என்றேன்.

"பரோட்டா மாஸ்டர்..." என்றவர் உடனே கையை ஆட்டினார். "வேணாம், வேணாம். அவன் நம்ம பையன். எங்க வூட்டு விசேஷத்துக்கே அவன்தான் சமைச்சான்."

"சலூன்காரர்?"

"சே, தங்கமான மனுசன்."

"வாட்ச்மேன்?"

"எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுனதே அவன்தான்க்கா!"

மொத்தமாகச் சொன்னால் கொள்ளைக்காரன், ஆளைக் கேட்டால் நம்ம பையன்! எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. துணிந்து கேட்டேன்: "மாடியில இருக்குறவரு?"

"ஐயோ! எங்க பாத்ரூம்ல டைல்ஸ் பாதிதான் ஒட்டிகீறாரு. அவரு போயிட்டா எங்க வூட்டுக்காரம்மா என்னைத்தான் வெளிய தொரத்துவா."

தாளில் ஒன்று முதல் பத்து வரை வெறும் எண்கள். அவருக்கு வியர்த்துவிட்டது. "வெறும் தாள எப்பிடிக் குடுக்குறது? ஒரு பேராவது வேணுமே... அக்கா, நீங்க நாகர்கோவில்தானே?"

"கல்யாணமாகி வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுய்யா!"

"கோச்சுக்காதீங்க, சும்மா ஒப்புக்குத்தான். தப்புன்ற எடத்துல, ஜெராக்ஸ் போடறாங்கன்னு போட்டுக்கோங்க."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனாலும் நான் மறுத்தால் மாடிக்காரர் பெயர் ஏறிவிடுமோ என்று, என் பெயரை நானே அடித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் அதை அப்படியே படித்தார். "ஜெராக்ஸ் போடுகிறார்!" என்று மைக் அதிர முழங்கினார். முன்வரிசையில் பரோட்டா மாஸ்டரும் வட்டச் செயலாளரும் சேர்ந்து கைதட்டினார்கள்.

கடைக்குத் திரும்பினால், டைல்ஸ்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். விஷயம் அதற்குள் எட்டிவிட்டது போல. கண் கலங்கியிருந்தது.

"அக்கா, பயம் வேணாம். உங்களை அனுப்பினா எங்க ஊருக்கு வாங்க. வீடு சின்னது. ஆனா இடம் இருக்கு."