சைகோனுக்குப் போன சேவல் இறகு

சேவலின் வால் இறகைச் சீயக்காயில் அலசி வெயிலில் காயவைத்தால் ஒரு வாசனை வரும். பாதி கோழிக்கூடு, பாதி எண்ணெய்க் குளியல். எனக்கு அது பத்தொன்பது வயதின் வாசனை...

நேற்று குரூப்பில் யாரோ மீன் பிடிக்கிற ரப்பர் தவளையை போட்டோ எடுத்துப் போட்டிருந்தீர்கள். பார்த்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. தொண்ணூறைத் தொடப்போகிற கிழவி ஒற்றை விரலால் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரக்குடியில் பிறந்து தருமபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பிரெஞ்சுக்காரர்கள் அப்போது இன்னும் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் காரைக்கால் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. வாரத்தில் ஆறு நாள் வாயைத் திறக்காத மனுஷர். ஏழாம் நாள் மூங்கில் கழியோடு குளத்துக்குப் போவார். அங்கேயும் திறக்க மாட்டார்.

அவரோடு படித்த ஹமீது அண்ணன் சைகோனிலிருந்து லீவில் வந்தபோது மூன்று தூண்டில் முள் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நீளமாக, வால் மாதிரி இறகு கட்டியிருந்தது. புழு வேண்டாம், தவளை வேண்டாம். தண்ணீரில் விட்டு விட்டு இழுத்தால் விரால் அதைக் குஞ்சு மீன் என்று நம்பிக் கவ்வும். முதல் வாரமே இரண்டு விரால் வீட்டுக்கு வந்தது. அடுத்தடுத்து இரண்டு முள் அல்லித் தண்டில் சிக்கி அறுந்தும் போனது. மூன்றாவதை இவர் தகர டப்பாவில் வைத்துத் தொடவே பயந்தார்.

அந்த மூன்றாவதைத்தான், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் பிரித்துப் போட்டேன்.

ஏன் என்றால்... திமிர்தான். சுரக்குடியில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பூக்கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டே கட்டுவேன், கையைப் பார்க்கவே மாட்டேன். இதில் என்ன பெரிய வித்தை என்று பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது இரண்டே இரண்டு இறகு!

இவ்வளவு கஞ்சத்தனமா என்று நினைத்தேன். பூவை இடைவெளி விட்டுக் கட்டினால் எங்கள் ஊரில் ஏமாற்றுக்காரி என்பார்கள். நெருக்கிக் கட்டுவதுதானே கைக்கு மரியாதை? பக்கத்து வீட்டில் விருந்துக்கு அடித்த சேவலின் இறகை வாங்கி, ஒரு டஜன் சேர்த்து, வாழைநாரை நனைத்து முடிச்சுப் போட்டு, தாழம்பூ மாதிரி கட்டி வைத்தேன். சாயங்காலம் உண்மையைச் சொல்லிக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அது தண்ணீரில் விழுந்ததும் மிதந்தது. நார் ஊறி இளகி, ஒவ்வொரு இறகாகக் கழன்று குளம் முழுக்கப் பரவியது. கரையில் இருந்தவர்கள், குமாஸ்தா கோழி உரிக்க வந்திருக்கிறார் என்று சிரித்தார்களாம். இதெல்லாம் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் மொட்டை முள்ளை மாடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த ஞாயிறு அவர் கழியை எடுக்கவே இல்லை.

என்னை அவமானம் பிடுங்கித் தின்றது. அவருக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை நான் கெடுத்திருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் முழுக்க, அவர் கடைக்குக் கிளம்பியதும் அண்டாவில் தண்ணீர் நிரப்பி உட்கார்ந்தேன். நாரைத் தூக்கிப் போட்டேன். மிச்சமிருந்த சேவல் இறகை, மிதக்காமல் இருக்கட்டும் என்று, சீயக்காயில் அலசிக் காயவைத்தேன். கல்யாணப் பட்டின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து நூல் உருவி, மெழுகுவத்தியில் தேய்த்து, முடிச்சே போடாமல் முள்ளில் நெருக்கமாகச் சுற்றி, கடைசிச் சுற்றில் நுனியைச் செருகி இழுத்தேன். நின்றது. ஆனால் பத்து இறகு வைத்தால் துடைப்பம் மாதிரி விறைத்துக்கொண்டது. நாலு வைத்தாலும் சரிவரவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட எனக்கு மனசே கேட்கவில்லை. கடைசியில் இரண்டு மிஞ்சியது. இழுத்தேன்... வால் நெளிந்தது. நிஜ மீன் தோற்றது போங்கள். அண்டா பக்கத்தில் உட்கார்ந்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அந்த முள்ளை அவர் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டு கழியை எடுத்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவைத்து மடித்து வைத்திருந்த துணியையே மூட்டை கட்டிக்கொண்டு எதிர்ப் படித்துறைக்குப் போய் மறுபடி துவைத்தேன்.

கரையில் அதே ஆட்கள். ஹமீது அண்ணனும் இருந்தார். ஐந்தாவது இழுப்போ ஆறாவதோ, தண்ணீர் பொத்துக்கொண்டு எழும்பியது. முழங்கை நீள விரால். கரையே எழுந்து நின்றது. சைகோன் சாமான் என்றால் சும்மாவா என்று ஒருத்தர் ஹமீது அண்ணன் தோளைத் தட்டினார். அப்படியே விட்டிருந்தால் அது சைகோன் சாமானாகவே போயிருக்கும். வாய் திறக்காத மனுஷர்தானே, விட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இது சைகோன் இல்லீங்க. விசாலாட்சி கட்டுனது" என்றார்.

"யாரு விசாலாட்சி?"

"என் பொண்டாட்டிங்க. அந்தா, படித்துறையில நிக்கிது பாருங்க."

அத்தனை தலையும் திரும்பியது. நான் துணியோடு துணியாகக் குனிந்துகொண்டேன். முகம் எரிந்தது, சந்தோஷத்தில்.

ஹமீது அண்ணன் கப்பலேறும்போது என் கையால் கட்டியது ஆறு வாங்கிப் போனார். சைகோனில் எந்தக் குளத்தில் எந்த மீன் அதை நம்பியதோ!

இப்போது பேரன் டப்பா நிறைய ரப்பர் மீன் வைத்திருக்கிறான். கண், செதில், பளபளப்பு எல்லாம் உண்டு. இரண்டு இறகு போதும்டா என்றால் சிரிக்கிறான். சிரிக்கட்டும், அவனும் ஒரு நாள் பிடுங்கிப் பிடுங்கித்தான் கற்றுக்கொள்வான்.

இன்றைக்கு என் பேரை எல்லோரும் சொல்கிறார்கள். பேங்கில் அந்தப் பெண் கூப்பிடுகிறாள், ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறார்கள், இந்த போஸ்ட்டின் தலையிலும் இருக்கிறது. அவரோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தேன். வீட்டில் "இந்தா"தான், கடைசி வரைக்கும். பேரை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஊர் கேட்கச் சொன்னார், கட்டினவள் பேராகச் சொன்னார்.