கை எட்டும் உயரம்

ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அடுப்படிச் சுவரிலிருந்து ஒரு டைல் விழுந்தது, நேராகச் சட்டிக்குள். கொதிக்கிற ரசம் தெறித்து அத்தையின் புறங்கையில் பட்டது. அவள் கத்தவில்லை. முந்தானையால் ஒற்றிக்கொண்டு அடுப்பை அணைத்தாள். அப்பா எட்டிப் பார்த்து, "செவுரு உப்பிப்போச்சு. மொத்தத்தயும் பேத்துட்டுப் புதுசு ஒட்டிடலாம்" என்றார்.

எனக்கு ஒன்பது வயது. சிதம்பரத்தில் வீடு. அத்தை, அப்பாவின் தங்கை. திட்டக்குடியில் புருஷன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போனபின் எங்களோடு வந்துவிட்டவள். அம்மாவுக்குக் கடலூரில் வேலை. விடியலில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். அதனால் எட்டு வருடமாகச் சமையலறை அத்தையுடையது. அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்தது. அதிலிருந்து உப்பு டப்பா தினமும் இடம் மாறியது. காலையில் அம்மா வலப்பக்கம் வைப்பாள். மாலையில் அது இடப்பக்கம் இருக்கும். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நல்லது.

குமராட்சியிலிருந்து கொத்தனார் வந்தார். சுத்தியலால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மேல் வரிசையின் ஓரத்தில் உளியை நுழைத்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. எட்டு வருடத் தாளிப்பு ஏறிய மஞ்சள் வெள்ளை. எல்லாம் சிதறி விழுந்தன. பின்னால் இருந்த பூச்சு கறுத்துக் கிடந்தது. கொத்தனார் விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

"எண்ண குடிச்ச செவுரும்மா. அப்பிடியே ஒட்டுனா புடிக்காது. சோடா போட்டு நல்லாத் தேய்ங்க. அப்பறம் நான் கொத்திவுடறேன்."

"எனக்கு லீவுதான், நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

"எல்லாம் நான் தாளிச்ச எண்ணதான அண்ணி. நானே எடுத்துடறேன்" என்றாள் அத்தை.

இரண்டு நாள் தேய்த்தாள். தேங்காய் நார், சலவை சோடா, வெந்நீர். நான் குவளை குவளையாக மொண்டு கொடுத்தேன். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, சுவர் யாருடையதும் அல்லாத நிறத்துக்கு வந்தது. சிமெண்ட் பிடிப்பதற்காகக் கொத்தனார் அதன்மேல் நெருக்கமாகக் கொத்திவிட்டார், அம்மைத் தழும்புபோல. அத்தை அதற்கும் தண்ணீர் தெளித்து நனைத்தாள்.

டைல் எவ்வளவு உயரத்துக்கு வர வேண்டும் என்பதற்கு அந்தக் கொத்தனார் டேப் வைக்க மாட்டார். அந்த அடுப்படியில் நிற்கிறவரையே நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லி, விரல்நுனி தொடும் இடத்தில் கோடு போடுவார். அதற்கு மேலே போனால் துடைக்க எட்டாது என்பது அவர் கணக்கு.

"சமைக்கறவங்க வந்து நில்லுங்கம்மா."

அம்மா கையில் அவருக்கான காப்பி. அத்தை கையில் ஈர நார். வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல அப்பா வெளியே போனார். யாரும் கூப்பிடவில்லை.

"அத்தைதான்!" என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"அண்ணிய அளந்துக்குங்க கொத்தனாரே. நான் குள்ளச்சி. என்ன வச்சிக் கோடு போட்டா பாதி செவுரு மொட்டையா நிக்கும்."

கொத்தனார் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "நீயே நில்லேம்மா..." என்றாள்.

"ஐய, நில்லுங்க அண்ணி. அவுருக்கு வேல கெடுது."

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைவிட அத்தை ஒரு சாண் உயரம். பரண்மேல் இருக்கும் முறுக்கு டின்னை முக்காலி இல்லாமல் எடுப்பவள். "பொய்! அத்தைதான் ஒசரம்!" என்று கத்தினேன்.

"வாய மூடுடி." அத்தை என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அம்மா காப்பியை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று கையைத் தூக்கினாள். கொத்தனார் நீலப்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டார். கோட்டுக்கு மேலே, சோடாவால் வெளுத்த சுவர் இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது. கொத்தனார் அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு சிமெண்ட் குழைக்கக் குனிந்தார்.

அடுத்த வாரம் கடலூரில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமையல் வேலைக்கு அத்தை கிளம்பினாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலை நிமிராமல் முன்னால் நடந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போய்ட்டு வரேன்டி" என்ற அத்தையின் குரலுக்கு நான் பதில் சொல்லவில்லை. பொய் சொன்னவளோடு பேசக் கூடாது என்று வைராக்கியமாக உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அன்று சமையலறையில் அவர்கள் உயரத்தைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.