குட்டைக்கு அடியில் கிடந்த இலை

தண்ணீர் சாம்பிள் எடுக்கிற வேலை என்றால் பாட்டிலை முக்கித் தூக்குவதுதான் என்று நம்பிச் சேர்ந்து, முதல் நாளே ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தெளிந்த பாட்டில்

ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் நஞ்சம்மாக்காவுக்கு அரை ஏக்கர் கீரைத் தோட்டம். பக்கத்துக் குட்டையில் புங்க இலை விழுந்து அழுகும். கோடையில் அந்தக் கறுப்புச் சேற்றை வாரித் தோட்டத்துக்கு உரமாகப் போடுவார். போன வருஷம் மேட்டில் முலாம் பூசுகிற ஷெட் ஒன்று வந்ததிலிருந்து அவருக்குப் பயம். எங்கள் லேபுக்கு வந்து கேட்டார். நான் போய் ஒரு பாட்டில் எடுத்து வந்தேன். ரிப்போர்ட் சுத்தம். யாரையும் கேட்காமல் அவருக்கு போன் போட்டு, "தாராளமா அள்ளுங்கக்கா" என்றேன்.

அதைக் கேட்ட லேப் இன்சார்ஜ் செல்வி மேடம் தலையில் கை வைத்தார். "ஷெட்டுத் தண்ணி குட்டைக்கு வருதுல்ல? அதுல வந்தது எங்க போச்சு? கீழ கிடக்கிற இலையைப் போய்க் கேளு."

கழுவின இலை

திரும்ப போன் போட்டு 'பொறுங்கக்கா' என்று சொல்லியிருக்கலாம். வெட்கம், சொல்லவில்லை. நான் போனபோது அக்கா சந்தைக்குப் போயிருந்தார், தப்பித்தேன் என்றிருந்தது. முழங்கால் சேற்றில் இறங்கி இலை அள்ளினேன். ஒரே நாற்றம். இதை எப்படி அப்படியே மேடத்திடம் நீட்டுவது? குழாயடியில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, துப்பட்டாவில் ஒற்றிக் கொண்டுபோய் வைத்தேன்.

மேடம் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இலை அழுக அழுக அதன் மேல் படிகிற வழவழப்பு, ஷெட்டுத் தண்ணீரில் வரும் துத்தநாகத்தையும் குரோமியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இலை கரைந்துகொண்டே போகும், அவை சேர்ந்துகொண்டே போகுமாம். அதனால்தான் மேலே தண்ணீர் அவ்வளவு சுத்தம். திட்டக்கூட இல்லை. "நீ கழுவி ஊத்துனதுதாம்மா எனக்கு வேணும்."

முதல் கூடை

மறுபடி ஓடினேன். வரப்பில் கறுப்புச் சேறு குவிந்து கிடந்தது. அக்கா முதல் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். "போடாதீங்கக்கா!" என்று கத்தினேன். போனில் அவசரப்பட்டது, இலையைக் கழுவியது, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அக்கா கூடையை இறக்கினார்.

இந்த முறை இலையைச் சேற்றோடு கொண்டுபோனேன். ரிப்போர்ட்டில் துத்தநாகம், குரோமியம் இரண்டும் எக்கச்சக்கம். நானே போய் அக்காவிடம் சொன்னேன். முதுகொடிய வாரிய குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டட்டும் என்று நானும் நின்றேன். ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார். "அதான் ஓடியாந்து சொல்லிட்டியே பாப்பா. மொதல்ல காலைக் கழுவு. கழுவறதுன்னாதான் உனக்கு ரொம்பப் புடிக்குமே."

கெமிஸ்ட்ரிக்குப் பயந்து பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தேன், அது எனக்கு முன்னாலேயே வந்து குட்டைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.