கரண்டி விழாத கோப்பை

ஜெர்மனியின் ஏம்டன் நகரில் எங்கள் முதியோர் இல்ல அலுவலகத்தில் கேஷே பொப்பிங்கா இருபத்தாறு வருடம் இருந்தாள். வேகமாகத் தட்டச்சு செய்வாள், குறைவாகப் பேசுவாள், மழை இல்லாத நாளிலும் ரப்பர் பூட்ஸ் போடுவாள். நான் அங்கே செவிலி. அவளைப் பற்றி யார் கேட்டாலும் அந்த நவம்பர் மாலையைத்தான் சொல்கிறேன்.

அன்று டோம்கே ஆடென் குடிவந்தார். எழுபத்தொரு வயது, கப்பலில் சமைத்தவர். ஆண், பெண் இரண்டிலும் தன்னைப் பதிந்துகொள்ளாதவர். தனியாக இருந்த வீட்டில் விழுந்து இரண்டு நாள் தரையில் கிடந்திருக்கிறார். திரும்பிப் போனால் அடுத்த முறை பிணத்தைத்தான் எடுப்போம். அறைக் கதவில் ‘திருமதி ஆடென்’ என்ற பலகையைப் பார்த்ததும், கோட்டைக் கழற்றாமல் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“அஞ்சு மணிக்கு டாக்சி சொல்லிட்டேன்.”

“திருன்னு மாத்திடவா?” என்றேன்.

“அதுவும் நான் இல்ல, சிஸ்டர்.”

மணி நாலு பத்து. கேஷே பலகையை மாற்றும் உத்தரவு ஒன்றைத் தட்டச்சு செய்து எடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு நிர்வாகி பேரெண்ட்ஸின் அறைக்குள் போனாள். அவர் தேநீர் ஊற்றினார். எங்கள் ஊர் வழக்கப்படி, விருந்தாளி கோப்பைக்குள் கரண்டியைப் போடும்வரை ஊற்றியே ஆகவேண்டும்; போட்டால் பேச்சு முடிந்தது.

“இன்னைக்கு ஒரு பலகைம்பீங்க. நாளைக்குக் கடிதத்துலெல்லாம் ஆண், பெண், மத்தவங்க எல்லாருக்கும் பொதுவா நட்சத்திரக் குறி போடச் சொல்வாங்க. சொந்தக்காரங்க என்னைக் கிழிச்சுடுவாங்க, கேஷே.”

“நட்சத்திரம் யார் கேட்டா? பேர் மட்டும் போதும்.”

“சரி, அவருக்கு மட்டும்...”

“அவருக்கு மட்டும்னா கதவுல கொடி நட்ட மாதிரி ஆயிடும், சார். நாப்பது கதவுலயும் திரு, திருமதிய எடுங்க.”

“முடியாது.”

கேஷே கோப்பையை நீட்டினாள். ஐந்தாவது. சூடான தேநீர் பட்டுக் கோப்பையிலிருந்த கற்கண்டு விரிசல் விட்டது. கரண்டி தட்டிலேயே கிடந்தது. பேரெண்ட்ஸ் அதையே பார்த்தார். ஆறாவது. ஏழாவது. ஜன்னலில் டாக்சியின் விளக்கு அடித்தது.

“உங்க வயிறு என்ன பீப்பாயா? கரண்டியப் போடுங்க!”

“நீங்க கையெழுத்தப் போடுங்க.”

போட்டார். கரண்டி விழுந்தது. கேஷே திருப்புளியை எடுத்து முதலில் பேரெண்ட்ஸின் கதவிலிருந்த ‘திரு’வைக் கழற்றினாள். பிறகு டோம்கேயின் அறைக்கு ஓடினாள். புதுப் பலகைக்கு நேரமில்லை. நான் கொடுத்த பிளாஸ்திரியில் ‘டோம்கே ஆடென்’ என்று எழுதி ஒட்டினாள்.

வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்தது. டோம்கேயைக் கூட்டிவந்தேன். படித்தார்.

“எழுத்து கோணலா இருக்கு,” என்றபடி கோட்டின் பொத்தானைக் கழற்றினார். “டாக்சிய அனுப்பிடுங்க.”

கேஷே இதைப் பார்க்கவில்லை. ஏழு கோப்பைக்குப் பிறகு அவள் கழிப்பறையில் இருந்தாள்.