சாமியார் விரல் நீட்டிய பூசணி

அந்த விரல் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வெயிலில் சிவந்து, நுனியில் மைக்கறை படிந்த, எங்கள் வெள்ளைக்காரச் சாமியாரின் சுட்டுவிரல். அது நேராக நீண்டு, என் அத்தை வீட்டுத் தொழுவத்துக் கூரைமேல் கிடந்த பூசணிப் பிஞ்சைக் காட்டியது. "எவ்வளவு அழகிய பிஞ்சு, அம்மா!" என்று புத்தகத் தமிழில் அவர் வியந்தார். அத்தை முகத்தில் ஈயாடவில்லை.

பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டினால் வெம்பி விழும் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். காட்டியே ஆகவேண்டுமென்றால் கையை மடக்கிக் காட்டுவோம். தவறி நீட்டிவிட்டவர், நீட்டிய விரலைத் தாமே கடித்துக்கொள்ள வேண்டும். அதைவிட்டால் வேறு பரிகாரம் கிடையாது. ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சாமியார், கண்ணேறும் சகுனமும் விரல் தோஷமும் வெறும் அஞ்ஞானம் என்று பிரசங்கத்தில் முழங்கியிருந்தார்.

அத்தை என் தகப்பனாரின் தங்கை; பெண் கொடுத்த வகையில் எனக்கு மாமியாரும் அவளே. நான் கோயிலில் வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார், கொல்லையில் அவளுக்கு எடுபிடி. நான் எங்கே நின்று குளிப்பது என்பதை அவளுடைய கத்தரிப் பாத்திதான் முடிவு செய்தது. அரிசி களைந்த நீர் கீரைக்கு, மீன் கழுவிய நீர் பூசணிக்கு, அடுப்புச் சாம்பல் இலையைத் தின்னும் வண்டுக்கு. ஆட்டுப்புழுக்கையை மட்கவைத்து, மண்ணோடு பிசைந்து குழியில் இடுவாள். மோரைப் பானையில் புளிக்கவைத்துச் செடிகளுக்குத் தெளிப்பாள். வீட்டில் யாராவது மோர் கேட்டால், "பூச்சி அரிச்சா உங்களுக்கும் தெளிக்கிறேன்" என்பாள். என் மாமனார் கல்யாணம் ஆன நாளிலிருந்து நல்ல மோர் குடித்ததில்லை என்று ஊரில் பேச்சு.

அந்த வருசம் அந்தப் பிஞ்சு வெறும் காயாக இல்லை. அத்தையின் ஒரே மகன், என் மைத்துனன், மலைமேல் பேரியாற்று அணை வேலைக்குப் போயிருந்தான். கூடலூர் வண்டிக்காரர் ஒருவர் வந்து, அவன் காட்டுக் காய்ச்சலில் விழுந்து கொட்டகையில் கிடக்கிறான் என்றார். மேலே அந்தக் காய்ச்சல் கண்டவர்களில் எத்தனையோ பேர் இறங்கி வரவில்லை. மாமனார் அன்றே அவனைக் கூட்டிவர மலையேறிவிட்டார். அத்தை, மகன் உயிரோடு வந்தால் அந்த வருசம் முதலில் முற்றும் தலைப்பூசணியை மாதா திருநாளுக்கு முழுசாகக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அதற்குள் மற்ற பிஞ்சுகளெல்லாம் வெம்பி உதிர்ந்துபோக, மிஞ்சியது இது ஒன்றுதான்.

சாமியார் படலைத் தாண்டினாரோ இல்லையோ, அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீட்டிப்பிட்டாகளே மாப்ளே! எம்புள்ள உசுரு அங்கன கெடக்கு, அவுக விரலை நீட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே போறாக. போயிக் கடிக்கச் சொல்லுங்க."

"அத்தை, போன வாரந்தானே அவர் பிரசங்கத்தில்..."

"ஏலே, போறியா இல்லியா?"

மாப்பிள்ளை மரியாதை அத்தோடு முடிந்தது. வேறு வழியின்றிச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். தலையைச் சொறிந்து, மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் விரலைவிடச் சிவந்தது. "உபதேசியாரே, நீருமா?" என்றார். நான் மைத்துனனைப் பற்றிச் சொன்னேன். அவன் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றவன். சாமியார் கொஞ்ச நேரம் சன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியை எடுத்தார். "என் விரலை நான் கடிப்பதை திருச்சபையின் எந்தச் சங்கமும் தடை செய்யவில்லை" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கொல்லையில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் நோக்கி, விரலை வாயில் வைத்து எடுத்தார். அத்தை கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இது முத்தம் குடுத்த மாதிரியில்ல இருக்கு. பல்லுப் பதியணும் சாமி."

சர்வேசுரனுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், மறுபடி நன்றாகவே கடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள். புளிக்காத மோர். அந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிஞ்சு விழவில்லை. மீன் கழுவிய நீரா, சாமியாரின் பல்லா என்று பலர் கேட்டார்கள். நான் உபதேசியார்; மாதாவின் கிருபை என்று சொல்லிவிட்டேன். காய் முற்றிக்கொண்டிருந்தபோது மாமனார் மகனை மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்து சேர்த்தார். எலும்பும் தோலுமாக இருந்தான். யாரிடமும் பேசவில்லை, சிரிக்கவில்லை. அத்தை பகலில் அவனுக்குக் கஞ்சி ஊற்றுவாள், பிறகு எங்களுக்குத் தெரியாமல் செடிப்பக்கம் போய் அழுவாள்.

திருநாளன்று நானும் மாமனாருமாகப் பூசணியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைத்தோம். மைத்துனன் கம்பளியைப் போர்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, ஆசீர்வதிக்க விரல்களை நீட்டிக் கையைத் தூக்கினார். அத்தை முன்வரிசையில் மூச்சை இழுத்த சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. கை அப்படியே நின்றது. சாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடிய கையாலேயே பூசணிமேல் சிலுவை வரைந்தார்.

சுவரோரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. இருமலும் சிரிப்புமாக, கம்பளி குலுங்க, என் மைத்துனன்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அத்தை பீடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பூசை முடியும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.