கனவுக்கு இடம் தராத உறக்கம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால், காரியங்கள் முடிந்த பிறகு உறவினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘கனவுல வந்தாகளா?’ என் மனைவி எல்லோருடைய கனவிலும் வந்தாள். மகளிடம் வந்தாள். எதிர்வீட்டு அம்மாளிடம் வந்து கறிவேப்பிலை கேட்டாளாம். என்னிடம் மட்டும் வரவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா தொலைபேசியில் சொல்வாள்: “நேத்தும் வந்தா, லே. அரக்குச் சேலை. ‘மதினி, அவுக சாப்பிட்டாகளா’ன்னு கேக்கா. எனக்கு ஒரு வாய் காப்பி போட்டுத் தரணும்னு அவளுக்குத் தோணல, பாத்துக்கோ.”

நான் சிரிப்பேன். பேசி முடித்தபின் அக்காவின்மீது பொறாமை எழும்.

மனைவி மறைந்த புதிதில் காரணமின்றி நெஞ்சு படபடக்கும். மூச்சு பாதி வழியில் நின்றுவிட்டதுபோல் இருக்கும். பாளையங்கோட்டையில் மருத்துவர் பதற்றம் தணிக்கும் மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார். அதன் உதவியை நான் மறுப்பதற்கில்லை. அவளுடைய சேலைகளை மடித்துப் பிறருக்குக் கொடுக்கும் திடத்தை அதுவே தந்தது. உறக்கமும் தந்தது, எதுவும் உள்ளே நுழைய முடியாத உறக்கம். பகலில் சொற்கள் நாவுக்கு வரத் தாமதித்தன. ஒருமுறை குளியலறையில் கால் தடுமாறியது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கனவின்மையைப் பொறுக்க இயலவில்லை. எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை அடியோடு நிறுத்தினேன்.

கனவு வரவில்லை, உறக்கமே வரவில்லை. உடல் வியர்த்து, கை நடுங்கி, தம்ளரைப் பிடிக்க முடியாமல் போனபோது மகள் என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க, சார்? ஒரேயடியா விட்டா வலிப்பே வந்துரும். படிச்சவுகதான் இப்படிப் பண்ணுதீங்க” என்றார் அவர்.

காரணத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

“சிலருக்குக் கனவு குறையத்தான் செய்யும். மறுபடி ஆரம்பிச்சு, கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்போம். மாசக்கணக்கா ஆகலாம். நான் சொல்லாம நீங்களா ஒண்ணும் செய்யக்கூடாது.”

இப்போது அவர் சொன்னபடியே நடக்கிறேன். அளவு குறைந்துவருகிறது, கனவு இன்னும் இல்லை. இன்று காலை அக்கா மீண்டும் அழைத்தாள்.

“வந்தா, லே, வந்தா. ‘அவுக நல்லாத் தூங்குதாகளா’ன்னு கேட்டா. அடுத்தாப்ல வந்தா நான் என்ன சொல்லட்டும்?”

 

“அவசரமில்லைக்கா. எங்கிட்டப் பைய வரச் சொல்லு” என்றேன்.