கேமரா மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

சூளகிரியில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கம்பெனிச் சீருடையில் இருந்தாள். உட்கார்ந்ததும், கம்பெனி கேட்டில் காவலாளிகள் தன் போன் கேமராவை மறைத்து ஒட்டிவிட்ட சிவப்பு ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டாள்.

சந்தைக்கு வரப்போகும் சிப், ஹெட்செட் பற்றி யூடியூபில் ஊகம் பேசுகிறவள் நான். கசிந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு ஹெட்செட் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பட்டன் அந்தப் பக்கம் வராதுங்கக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முகம் வெளிறிவிட்டது. எனக்கோ வீடியோவுக்குத் தலைப்பே மனதில் ஓடியது.

"அக்கா, நீங்க சேனல் வச்சிருக்கீங்களா?"

தலையாட்டினேன். அவள் அந்த ஸ்டிக்கரை என் போன் கேமரா மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"யார் சொன்னதுன்னு தெரியலைன்னா, எங்க லைன்ல இருக்கற அத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்திடுவாங்கக்கா."

ஓசூருக்கு டிக்கெட் எடுத்தவள் அதற்கு முன்னாலேயே பேரண்டப்பள்ளியில் இறங்கிப்போனாள்.

அந்த ஹெட்செட் இன்னும் வரவில்லை. பட்டன் எந்தப் பக்கம் என்று கேட்கிறவர்களிடம் தெரியாது என்றுதான் சொல்கிறேன். ஸ்டிக்கரை அன்றைக்கே உரித்துவிட்டேன். பசை மட்டும் போகவில்லை. என் வீடியோக்கள் கொஞ்சம் மங்கலாகவே வருகின்றன.